வாகன ஓட்டம் என்று எழுதிய பலகை

வெள்ளிக்கிழமை மாலைகளில், உட்துறைமுக வீதியில் கனகசுந்தரம் நடத்தும் தொலைபேசி திருத்தும் கடையின் மேல்மாடியில் துறைமுக ஆட்ட வட்டம் கூடும். கணினி ஆட்டங்களை ஆடுகிறவர்களும் ஆக்குகிறவர்களும் சேர்ந்த வட்டம் அது. கனகசுந்தரமே அதன் தலைவர். எந்த ஆட்டம் எந்த வகை என்று அங்கே வழக்கு எழுந்தால் தீர்ப்புச் சொல்பவன் இன்பாஸ். அவனை யாரும் நியமிக்கவில்லை. அவனுடைய பேச்சே அவனை நியமித்தது. சண்டை முறைமாறி நடந்தால் ஒரு வகை, கைவேகத்தில் நடந்தால் இன்னொரு வகை, கதை கிளைத்தால் வேறொன்று என்று அவன் அடுக்கிக்கொண்டு போகையில், எதிர்க்க எழுந்தவன் தன் கேள்வியை மறந்து தலையாட்டிவிட்டு உட்காருவான்.

வகைகளுக்குள்ளே முடிசூடிய வகை பாத்திர ஆட்டம். உலகம் அதை ஆர்.பி.ஜி. என்கிறது. வட்டம் தொடங்கிய புதிதில் இவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஒருநாள் யன்னலோரம் நின்ற ஒருவன், “எனக்கிட்ட புது ஆர்.பி.ஜி. ரெண்டு இரிக்கு” என்று தெருவுக்குக் கேட்கச் சொன்னான். கனகசுந்தரம் பாய்ந்துபோய் யன்னலைச் சாத்தினார்.

“தம்பிமார், கீழ நேவிக்காரர் போறாங்கள். தோளில வச்சு அடிக்கிற ரொக்கட் சாமானுக்கும் அந்த மூண்டு எழுத்துத்தான். நான் ஆட்டத்தைச் சொன்னனான் எண்டு நீங்கள் விளங்கப்படுத்தி முடிக்கேக்க விடிஞ்சிடும்.”

அன்றைக்கு இன்பாஸ் சூட்டிய தமிழ்ப் பெயர்தான் பாத்திர ஆட்டம். பெயரைச் சூட்டியவனே இலக்கணத்தையும் வகுத்தான். பாத்திரம் படிப்படியாக வளர வேண்டும். அந்த வளர்ச்சி எண்ணாகத் திரையில் தெரிய வேண்டும். எண் வளராத இடத்தில் பாத்திரம் இல்லை. இந்த இலக்கணத்தைக் கல்லில் செதுக்கியதுபோல வட்டம் காத்துவந்தது. ஆண்டுதோறும் நடக்கும் காட்சி நாளில், பாத்திர ஆட்ட வரிசையில் சனத்தின் வாக்கால் முதலாவதாக வருவதையே வட்டம் கொழும்புக் கண்காட்சிக்கு அனுப்பும். மற்ற வகைகள் பொதுமக்கள் பொழுதுபோக்குக்கு.

கொழும்புக்குப் போகவேண்டிய ஆட்டம் எது என்பதில் இன்பாஸுக்கு ஐயம் இருந்ததில்லை. ஓர்ஸ் ஹில்லில் அலுவலக வேலை முடிந்து வந்து, ஆண்டுக் கணக்காக அவன் ஆக்கிக்கொண்டிருந்த ‘ஏழு கோட்டை’தான் அது. வாளுக்கு எண், கேடயத்துக்கு எண், பசிக்கும் பாசத்துக்கும்கூட எண். அதில் எண் இல்லாத ஒரு புல்லும் முளைக்காது.

அப்படியிருக்க, ஸப்வான் ‘பாதை’யை ஆக்கினான்.

ஸப்வான் வேறு யாருமல்லன். இன்பாஸின் மனைவி பஸ்மியாவின் தம்பி, பாடசாலையில் சித்திரம் படிப்பிப்பவன். அவர்களுடைய ஊரான கிண்ணியாவில் கலியாணம் முடிக்கிற ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பதே வழக்கம். ஆகவே இன்பாஸ் குடியிருந்தது ஸப்வான் பிறந்து வளர்ந்த வீட்டில். அந்த வீட்டின் சுவரில் ஸப்வான் வரைந்த படகு. குசினியில் ஸப்வான் உடைத்து ஒட்டிய கோப்பை. கதவு திறந்தால் தட்டாமல் உள்ளே வருகிறவனும் ஸப்வான். இதையெல்லாம் இன்பாஸ் பொறுத்திருந்தான். ஆட்டம் ஆக்குவது ஒன்று மட்டும் தன்னுடையதாக இருந்தவரை, பொறுப்பது கடினமாக இருக்கவில்லை.

கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முன்னர், சனத்தையும் வாகனத்தையும் ஏற்றி நீரைக் கடந்த பெரிய மிதவையைப் பாதை என்பார்கள். ஸப்வானின் ஆட்டத்தில், ஆடுகிறவர் அந்தப் பாதையை ஓட்டுகிறவர். கரையில் ஆட்கள் நிற்பார்கள். எல்லோரையும் ஏற்ற இடமிராது. யாரை ஏற்றுவது, யாரை விடுவது என்பதை ஆடுகிறவர் முடிவு செய்ய வேண்டும். விடப்பட்டவர்கள் அதை மறக்கமாட்டார்கள். வாளில்லை, கேடயமில்லை, எண் ஒன்றுமே இல்லை.

ஒரு மாலை இன்பாஸ் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது பஸ்மியா கணினியின் முன் இருந்தாள். தேநீர் கேட்டான். அவள் திரும்பவில்லை.

“இரிங்க, மீன் லொறி நிக்குது. ஐஸ் உருகுது.”

“என்ன லொறி?”

“போன தரம் மாப்பிள்ளை வீட்டாக்கள விட்டுட்டு லொறிய ஏத்திட்டன். இப்ப மாப்பிள்ளைட மாமா சந்தையில என்னக் கண்டா முகத்தத் திருப்புறாரு. அவருக்கு எப்பிடிச் சமாதானம் சொல்ற எண்டு தெரியல்ல.” சொல்லிவிட்டு அவள் உண்மையாகவே கவலைப்பட்டாள். பக்கத்துக் கதிரையில் இருந்த ஸப்வான் சிரித்தான்.

“ராத்தா, அந்தாளு மூண்டு நாளைக்கு அப்பிடித்தான். ஒரு மழை நாள்ள ஏத்துங்க, சரியாகும்.”

இன்பாஸ் அங்கேயே நின்றான். ‘ஏழு கோட்டை’யை இதே பஸ்மியாவின் முன் எத்தனை முறை திறந்து வைத்திருப்பான். முதற் கோட்டையின் வாசலைத் தாண்டுமுன் அவளுக்கு அடுப்பு நினைவு வரும், உடுப்பு நினைவு வரும், தலையிடி வரும். இல்லாத ஒரு மாமனின் முகத்திருப்பலுக்காக இன்று அவள் தன் புருஷனின் தேநீரை மறந்தாள். அவன் நெஞ்சுக்குள்ளே ஏதோ ஒன்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றது. அதற்குப் பெயர் பொறாமை என்று அவன் ஒப்புக்கொண்டிருந்தால் அது அன்றே உட்கார்ந்திருக்கும். அவன் அதற்குக் கொள்கை என்று பெயர் வைத்தான். வகை பிரிப்பதில் வல்லவன் அல்லவா, தன் உள்ளத்தையும் பிழையான வரிசையில் வைத்துவிட்டான்.

காட்சி நாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை ‘பாதை’யின் வகை விவாதத்துக்கு வந்தது. கனகசுந்தரம் தான் அதை ஆடியதாகவும், பாத்திர ஆட்டம் என்றே கருதுவதாகவும் சொன்னார்.

இன்பாஸ் எழுந்தான். “தலைவர் அவர்களே, எண் எங்கே? வளர்ச்சி எங்கே? ஒருவன் முடிவெடுக்கிறான் என்பதனாலே அது பாத்திர ஆட்டம் என்றால், சந்தியில் நின்று வலப்பக்கமா இடப்பக்கமா என்று யோசிக்கிற முச்சக்கர வண்டிக்காரனும் பாத்திர ஆட்டம் ஆடுகிறானா? வேலியை இன்று ஓரிடத்தில் பிரித்தால் நாளை வேலியே இராது. உறவினன் என்பதற்காக நான் இலக்கணத்தை வளைக்க மாட்டேன். பாதை என்பது வாகனம். அதை ஓட்டுகிறார்கள். ஆகவே இது வாகன ஓட்டம்.”

“எவ்வளவு தூரம் ஆடிப் பாத்தனீங்கள் இன்பாஸ்?” என்று கனகசுந்தரம் கேட்டார்.

“பார்க்க வேண்டிய அளவு பார்த்தேன்.”

அவன் பார்த்தது ஒரே ஒரு கடப்பு. மறு கரை வந்ததும் மூடிவிட்டான். இரண்டாவது கடப்பைப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை. பிடித்துவிட்டால் என்ன செய்வது?

“மனிசர் நிக்கினம், கோவிக்கினம், மன்னிக்கினம். இது வாகன ஓட்டமெண்டால் என்ட வீட்டுச் சண்டையும் வாகன ஓட்டந்தான்” என்றார் கனகசுந்தரம். சிரிப்பு எழுந்தது. ஆனால் கைகள் இன்பாஸின் பக்கமே உயர்ந்தன. சொந்த மச்சானுக்கே சலுகை காட்டாத நேர்மை என்று அவர்கள் வியந்தார்கள். அந்த வியப்பை அவன் கூசாமல் வாங்கிக்கொண்டான்.

ஸப்வான் வாதாடுவான், சீறுவான், குறைந்தது முகமாவது கறுப்பான் என்று இன்பாஸ் எதிர்பார்த்தான். அவனோ படியிறங்கும்போது தோளில் கைபோட்டுச் சொன்னான்: “பேர் என்னவெண்டாலும் இரிக்கட்டும் மச்சான். ஆக்கள் ஆடினாச் சரி.”

அடித்த அடி விழவேண்டியவன்மேல் விழாமல் போனால், ஓங்கிய கைதான் வலிக்கும்.

காட்சி நாளுக்கு மண்டபம் நிறைந்தது. பாத்திர ஆட்டங்களுக்கு நடு இடம், மின்விளக்கு, மேசை விரிப்பு. அந்த வரிசையில் இம்முறை ‘ஏழு கோட்டை’யைத் தவிர வேறெதுவும் இல்லை, மற்றவர்கள் ஆக்கியவை ஓட்டமும் பாய்ச்சலுமாக இருந்தன. ‘பாதை’யைப் பின்பக்கக் கதவருகே வைத்து, இன்பாஸ் தன் கையாலேயே எழுதிய பலகையைத் தொங்கவிட்டார்கள்: வாகன ஓட்டம்.

பலகை தன் வேலையைச் செய்தது. ஆனால் எழுதியவனுக்காகச் செய்யவில்லை. பாத்திர ஆட்டம் என்றால் என்னவென்று அறியாத, அறிய அக்கறையும் இல்லாத மனிதர்கள் வாகனம் என்ற சொல்லைக் கண்டு அந்தப் பக்கம் ஒதுங்கினார்கள். கந்தளாய் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்த அலியார், முச்சக்கர வண்டிக்காரர்கள், மூதூர் வள்ளக்காரர்கள். ஸ்டியரிங் பிடிக்கலாம் என்று வந்தவர்கள், கரையில் நிற்கும் சனத்தைக் கண்டு திகைத்தார்கள். பிறகு தங்களுக்குள் வாதிட்டார்கள்.

“பிள்ளைத்தாச்சிய விட்டுட்டு ஸ்கூல் அதிபர ஏத்துறியா? நீயெல்லாம் ஒரு மனிசனா?”

“அதிபருக்கு சோதனைத் தாள் கையில இரிக்கு. ஊர்ப் புள்ளைகள் காத்திருக்கு. நீ ஓட்டிப் பாரு, அப்ப தெரியும்.”

“நகருங்க காக்கா” என்று அலியாரை அண்ணன் முறை சொல்லித் தள்ளினான் ஒருவன். “பஸ்ஸிலயும் நீங்க இப்பிடித்தான், நிப்பாட்டாம போற.”

“அண்டைக்கு இடமில்ல தம்பி” என்றார் அலியார். முகம் தொங்கிவிட்டது. “அத இவ்வளவு நாளா மனசில வெச்சிரிக்கியா?”

இன்பாஸின் மேசைக்கு வந்த சிலர் வாளை வாங்கினார்கள், எண்ணை உயர்த்தினார்கள், நல்லாயிருக்கு என்றார்கள், பின்பக்கத்துச் சிரிப்பைக் கேட்டுக் கழுத்தைத் திருப்பினார்கள். அவர்களை அவன் குறை சொல்ல முடியவில்லை. அவன் கழுத்தும் அந்தப் பக்கமே திரும்பியிருந்தது. அங்கே பஸ்மியா, வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு, அவன் வீட்டில் ஒருநாளும் கேட்டிராத குரலில் ஆட்களோடு வாதாடிக்கொண்டிருந்தாள்.

போட்டியின்றி வென்றுவிட்டான். கொழும்பு அவனுடையது. அப்படியானால் இந்த எரிச்சல் ஏன்? கதவருகே தான் தள்ளிவிட்டது தோற்கவில்லை என்பதனால். தோற்கும் இடத்துக்கு அதை அவன் வரவே விடவில்லை என்பதனால். இருவர் ஓடாத பந்தயத்தில் முந்தியவன் யாரை முந்தினான்?

அவன் கனகசுந்தரத்திடம் விரைந்தான். “தலைவர், ‘பாதை’ய என்ட வரிசைக்கு மாத்துங்க.”

கனகசுந்தரம் கண்ணாடியைக் கழற்றினார். “ஏன், அதுக்கு இப்ப எண் முளைச்சிட்டுதோ?”

“நான் பிழையாச் சொல்லிட்டன். அது பாத்திர ஆட்டந்தான். சனம் வாக்குப் போடட்டும். ரெண்டும் நேருக்கு நேர் நிக்கட்டும்.”

“தோத்தா?”

“தோக்க மாட்டன்.” அந்தக் குரலில் உறுதியைவிட ஏக்கமே மிகுந்திருந்தது.

“ஆக்கினவன் ஓம் எண்டால் எனக்கும் ஓம். போய்க் கேளுங்கோ.”

மேசையிலிருந்த மார்க்கரை எடுத்துக்கொண்டு இன்பாஸ் கூட்டத்தைப் பிளந்து போனான். அவன் சொன்னதை ஸப்வான் கேட்டான், யோசித்தான், தலையசைத்து மறுத்தான்.

“ஏலாது மச்சான். அங்க கொண்டுபோனா இவங்க வர மாட்டாங்க. இவங்களுக்கு இந்தப் பலகைதான் விளங்குது.”

“கொழும்புக்குப் போகலாம் ஸப்வான். விளங்குதா? கொழும்பு.”

“நீங்க போங்க. எனக்கு இஞ்ச ஆக்கள் நிக்குது.”

அதில் குத்தல் இல்லை, பெருந்தன்மையும் இல்லை. வேலையாயிருக்கும் ஒருவனின் பதில், அவ்வளவே. இன்பாஸ் தாங்கமாட்டாமல் பலகையை நோக்கிக் கையை உயர்த்தினான். எழுதியவனுக்கு அழிக்கும் உரிமையும் உண்டல்லவா? ஆனால் அலியாரின் தடித்த கை குறுக்கே வந்தது.

“அதில கை வெக்காதீங்க தம்பி. ட்ரைவர்மாருக்கெண்டு ஒருத்தரும் ஒண்டும் செஞ்சதில்ல. இது எங்கட ஆட்டம்.”

“நான்தான் அதை எழுதினனான்.”

“நல்ல எழுத்து” என்றார் அலியார். “ஆடுறதெண்டா வரிசையில நில்லுங்க.”

பஸ்மியா அருகில் வந்து மார்க்கரை அவன் விரல்களிலிருந்து மெல்ல எடுத்து மூடினாள்.

“இப்ப கேட்டது தம்பிக்காகவா, ஒங்களுக்காகவா?”

இன்பாஸ் மார்க்கருக்குக் கை நீட்டினான். அவள் அதைத் தரவில்லை. பிறகு, “முதல் கோட்டையில ஒரு வயசாளி வாசலக் காத்து நிக்கிறாரே, அவரு ஏன் நிக்கிறாரு எண்டு நீங்க எங்கயும் சொல்லல்ல. நான் ஒவ்வொரு முறையும் அதுக்காகத்தான் பாத்தன்” என்றாள். சொல்லிவிட்டு வரிசைக்குத் திரும்பினாள்.

ஒலிபெருக்கியில் கனகசுந்தரத்தின் குரல் எழுந்தது. பாத்திர ஆட்ட வரிசையில் முதலிடம், போட்டியின்றி, ‘ஏழு கோட்டை’. இன்பாஸ் மேடைக்கு நடந்தான். கனகசுந்தரம் மாலையை நீட்டினார்; முன்வரிசை கைதட்டியது. அந்த வேளையில் பின்பக்கக் கதவருகே பெருங்கூச்சல் கிளம்பியது. பாதை கரையைவிட்டு நகர்ந்துவிட்டது போலும். யாரோ ஒருவரை ஏற்றாமல் போய்விட்டார்கள்.

“குனியுங்கோ இன்பாஸ், மாலை போடுறன்” என்றார் கனகசுந்தரம்.

அவன் குனியவில்லை. கரையில் விடப்பட்டது யார் என்று தெரிந்துகொள்ள, கால் விரல்களை ஊன்றி எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.