மழை படாத லாரிக்காரர்

தண்ணீர் லாரி ஓட்டுநர் ஒருவர் மேல் மழை படாமல் போனது ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதே காலிலிருந்து. முந்தைய நாள்வரை அவரும் எல்லோரையும்போல நனைந்துகொண்டுதான் இருந்தார். அன்று நாலாவது தெருவில் லாரியை நிறுத்திக் குழாயை மாட்டியபோது கொட்டிய மழை, அவருக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே வளைந்து தரையில் விழுந்தது. வரிசையில் நின்ற பெண்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டு முதலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டார்கள், ஏனென்றால் அடுத்த லாரி மூன்று நாள் கழித்துத்தான் வரும்.

மழை என்றில்லை, எந்தத் தண்ணீரும் அவர் உடம்பில் பட மறுத்தது. குடிப்பதற்குத் தடையில்லை, குளிக்கத்தான் முடியவில்லை. மூன்றாவது வாரம் முதுகெல்லாம் சொறி. டாக்டரிடம் போனார். டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்து, பழைய சர்க்கரை மாத்திரையையும் விடாமல் போடச் சொன்னார். அதிசயம் என்று பார்த்தால் இவ்வளவுதான், ஒரு மனுஷர் நாற ஆரம்பித்தார். இதோடு விட்டிருந்தால் ஊர் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்துவிட்டுத் தன் பிழைப்பைப் பார்க்கப் போயிருக்கும். விட்டால்தானே.

உள்ளூர்ச் சேனலில் செய்தி எடிட்டிங் பார்த்தவளுக்குக் கத்திரி என்று பெயர். பெற்றவள் வைத்த பெயர் வேறு, அது வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஒன்பது வருடமாக ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, ஊரார் பேசியதை வெட்டிக்கொண்டிருந்தாள். யார் பேசினாலும் பன்னிரண்டு வினாடி என்பது சேனலின் சட்டம். மந்திரியானாலும் பன்னிரண்டு, மகனைப் பறிகொடுத்தவளானாலும் பன்னிரண்டு. பேச்சை வெட்டி ஒட்டினால் அந்த இடத்தில் பேசுபவரின் தலை லேசாகக் குதிக்கும். அதை மறைக்க மேலே வேறொரு காட்சியைப் போர்த்த வேண்டும். கத்திரி போர்த்திவிட்டால் ஒட்டு எங்கே என்று அவளாலேயே பிறகு கண்டுபிடிக்க முடியாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

சேனலின் நிருபர் லாரிக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். மழை படுவதில்லையாமே என்பது முதலாவது. "படாதுங்க, அவ்வளவுதான்" என்றார் லாரிக்காரர். நோய் நொடி ஏதாவது உண்டா என்பது இரண்டாவது. அதற்கு நாற்பது வினாடி பதில் சொன்னார்: "அதெல்லாம் எல்லாரையும் மாதிரி எனக்கும் வருதுங்க. சர்க்கரை இருக்கு, மாத்திரை போடறேன். இந்தச் சொறி வேற உயிரை வாங்குது. யாரும் இதைப் பெருசா எடுத்துக்காதீங்க." சொல்லி முடிக்கும்வரை சொறிந்துகொண்டே இருந்தார். பின்னால் ஒரு பேருந்து ஹாரனை விடாமல் அடித்தது. செய்திக்கு ஆறு நிமிடம் இருந்தது. கத்திரி கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. மழை வளைவது படத்திலேயே தெரிகிறது, அதைக் கேள்வி வேறு கேட்பானேன் என்று முதல் கேள்வியைத் தூக்கினாள். இரண்டாவது கேள்வியை வைத்து, அதன் கீழே ஹாரன் இல்லாத முதல் பதிலை ஒட்டி, நடுவில் மழையில் நனையும் ஒரு வாளியைப் போர்த்தினாள். நோய் நொடி ஏதாவது உண்டா? படாதுங்க, அவ்வளவுதான். மொத்தம் பதினோரு வினாடி வந்தது. ஒரு வினாடி மிச்சப்படுத்திய திருப்தியில் டீ குடிக்கப் போனாள்.

அந்தப் பதினோரு வினாடி அன்றைக்கே இருபத்திரண்டு முறை ஓடியது. மறுநாள் பெரிய சேனல்கள் நோயே படாத மனிதர் என்று எடுத்துக்கொண்டன, அப்புறம் போன் போனாகப் போனது. லாரிக்காரரின் மச்சான் காற்றடிக்கும் பக்கம் தெரிந்தவர். லாரி நிற்கும் கொட்டகையில் நாற்காலி போட்டார், ஒரே மாதத்தில் அது சபை ஆகிவிட்டது. நாற்காலியில் லாரிக்காரரை உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். வளைந்து விழுகிற தண்ணீரை ஜனம் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகும். அவர்மேல் அடித்த நாற்றத்தை ஓர் அறிவிப்பாளர் மண்வாசனை என்று சொன்னார், அன்றிலிருந்து ஊருக்கு அது மண்வாசனையாகத்தான் அடித்தது. எதிர்வீட்டுக்காரர் ஒருவர் மட்டும் கடைசிவரை மூக்கைப் பொத்திக்கொண்டே போனார். அவர் வீட்டில் டிவி கிடையாது.

கத்திரிக்கு ஒரு தங்கை. கண்ணாடிக் கடையில், வருகிறவர்களுக்கு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "இப்ப தெளிவா தெரியுதா" என்று கேட்கிற வேலை. பதினோரு வயதில் அவளுக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரைக்கு அடங்குகிற வகை இல்லை, தினம் நான்கு வேளை ஊசி, நின்றால் உயிர் நிற்காது. பதிமூன்று வருடமாக வயிற்றில் குத்த இடம் தேடித்தேடி அலுத்துப்போனவள். கடையில் கூட வேலை பார்த்தவள் கூப்பிட்டாள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனாள். அடுத்த ஞாயிறு யாரும் கூப்பிடாமலே போனாள். மூன்றாம் மாதம் சாப்பாட்டு மேசையில், ஊசியை விடலாமா என்று யோசிப்பதாகச் சாதாரணமாகச் சொன்னாள்.

கத்திரி தட்டைத் தள்ளிவைத்தாள். "அது நான் ஒட்டினதுடி. அந்த ஆளு மாத்திரை போடறேன்னுதான் சொன்னாரு. நான்தான் அதைத் தூக்கிட்டேன்."

"எங்க ஒட்டினே? காட்டு."

போனில் போட்டுக் காட்டினாள். ஐந்து முறை ஓடவிட்டாள். வாளி வந்தது, போனது, ஒட்டு தெரியவில்லை. எடுத்த முழுப்படமும் இல்லை, சேனலில் சனிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் அடுத்த வாரத்துக்குப் படம் எடுக்கப் போவார்கள். தங்கை பரிகாசம் செய்யவில்லை. போனை மெதுவாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் என்கிட்ட நீங்க கேக்கறது என்னக்கா? எவ்வளவு இருக்கு, எவ்வளவு இருக்கு. அம்மாவும் அதான், நீயும் அதான். அங்க யாரும் என் நம்பரைக் கேக்கறதில்ல. வாம்மா, உக்காருன்னு சொல்றாங்க."

அவள் சொன்னது உண்மை.

திருத்தம் போடச் சொல்லிச் செய்திப் பிரிவின் தலைவரிடம் போய் நின்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார்: "அந்தாளு மேல மழை படலைங்கறது பொய்யா?" இல்லை என்றாள். "அப்புறம் எதைத் திருத்தறது?" என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்தார். சரி, சொன்னவரையே பிடித்துக்கொள்வோம் என்று லாரிக்காரரிடம் போனாள். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றாள். ஆள் பாதியாகியிருந்தார். அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு யோசித்தார், மெய்யாகவே நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"மாத்திரை போடறேன்னா சொன்னேன்? இல்லையேம்மா. தினமும் டிவில பாக்கறேனே, என் வாயாலதானே சொல்றேன். அதுக்கப்புறம் நானே மாத்திரையை விட்டுட்டேன்."

அவருடைய இடது காலில் இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. மச்சான் போர்வையை இழுத்து மூடினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். கத்திரி வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் நின்ற ஒருவர் "எங்களுக்கும் முதல் தடவை இப்படித்தான் இருந்துச்சு" என்று தட்டிக்கொடுத்தார்.

அதன்பிறகு அவள் தங்கைக்குக் காவல் இருந்தாள். வேளாவேளைக்கு எதிரில் உட்கார்ந்து ஊசி போடவைத்தாள், வேலையில் இருந்தால் காலியான ஊசிக்குழலைப் போனில் காட்டச் சொன்னாள். தங்கையும் காட்டினாள். ஒரு வாரம் சேனலில் தேர்தல் வேலை, கத்திரி வீட்டுக்கு வந்து தூங்கிப் போனதோடு சரி. அந்த வாரம் மருந்தெல்லாம் கை கழுவும் தொட்டியில்தான் போனது. அம்மாவுக்கு அது தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை, சின்னவள் பதிமூன்று வருடத்தில் முதல்முறையாகப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பியதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். பெற்ற மனசு, எதை நம்ப ஆசையோ அதை நம்பிவிட்டது. ஐந்தாம் நாள் மதியம் சேனலுக்கே போன் போட்டு, "தங்கச்சி படுத்திருக்காடி, மூச்சு பழம் மாதிரி மணக்குது, நல்லதுதான் நடக்குது போல" என்றாள். கத்திரி போட்டது போட்டபடி எழுந்தாள். அந்தப் பழவாசனை வந்தால் ஒரு நிமிடம் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடிவரும்படி தங்கையின் பழைய டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஓடினார்கள். மூன்றாம் நாள் விடியும்போது ஆஸ்பத்திரியில் தங்கை இறந்துபோனாள். அவளுக்கு வயது இருபத்து நான்கு.

உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து பின்னறையில் பலகைமேல் கிடத்தினார்கள். கழுவுவதற்குத் தெருப் பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். முதல் குவளையைப் பக்கத்து வீட்டுக்காரி ஊற்றினாள். தண்ணீர் நெற்றிக்கு ஒரு விரற்கடை மேலேயே வளைந்து இரண்டு பக்கமும் பலகையில் வழிந்தது. இரண்டாவது குவளையும் அப்படியே போனது. மூவரும் குவளையை வைத்துவிட்டுக் கைகூப்பினார்கள். தலைமாட்டில் மூச்சுமுட்ட அழுதுகொண்டிருந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டாள். அவள் முகம் தெளிந்ததைக் கத்திரி பார்த்தாள், வாழ்நாளில் அவளுக்கு யார்மேலும் அவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

"என் பொண்ணு ஜெயிச்சுட்டாடி. நீதான் கடைசிவரைக்கும் நம்பல."

பெண்கள் செய்தி சொல்ல வெளியே போனார்கள். கத்திரி பலகை அருகில் மண்டியிட்டு, குவளையை எடுத்துத் தானே ஊற்றினாள். காலில் ஊற்றினாள், கையில் ஊற்றினாள், ஊசித் தழும்புகள் நிறைந்த வயிற்றில் ஊற்றினாள். தன் கண்ணீர் தங்கையின் கன்னத்தருகே போய் விலகித் தரையில் சொட்டுவதையும் பார்த்தாள். "ஒரு சொட்டாவது ஒட்டுடி, என் செல்லமில்ல" என்று காதருகில் குனிந்து கெஞ்சினாள். வாளி காலியாகிவிட்டது. அறை முழுக்கத் தண்ணீர் நின்றது, நடுவில் தங்கை காய்ந்து கிடந்தாள்.

வாசலில் இரைச்சல் கூடிக்கொண்டே வந்தது. கேமராவோடு சேனல் ஆட்கள் வந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். அம்மா புதுத்துணியைப் போர்த்தி, மகளின் தலைமுடியை விரலால் கோதிச் சரிசெய்தாள்.

"கதவைத் திற. பாவம், எவ்வளவு நேரம் நிப்பாங்க."

கத்திரி எழுந்து, பாவாடையைப் பிழிந்து விட்டுக்கொண்டு, கதவைத் திறந்தாள்.