காலிப் பட்டியல்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நானும் அந்த வரியை எழுதியிருக்கிறேன். என் வரியால் யாரும் சாகவில்லை. அதனால் ஜனெல் என்று ஒருத்தியை உண்டாக்கி அவள் தலையில் கட்டினேன். கோழைத்தனம்தான்.

2

மிச்சிகனின் வடகோடியில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு—

வேண்டாம். பனிமேல் பழியைப் போடப் பார்க்கிறேன்.

சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸால் உயிர்வாழும் நோயாளிகளை ஏற்றிப்போகும் வேன் சேவையில் ஜனெல்தான் ஒரே கணினி ஆள். பழைய தரவுத்தளத்தோடு புதிய திரை ஒத்துப்போகவில்லை. நடுவே ஜாவா மொழியில் ஒரு சின்ன சர்வர் நிரல் எழுதினாள். திரை கேட்பதை வாங்கித் தரவுத்தளத்திடம் கேட்டு, அன்றைய பெயர்களைத் திருப்பிக் கொடுக்கும். அவ்வளவே. தரவுத்தளம் பதில் சொல்லாவிட்டால்? 'காலிப் பட்டியலை அனுப்பு' என்று ஒரு வரி போட்டாள். பக்கத்தில், பிறகு சரிசெய்யலாம் என்று குறிப்பு. (வாசகரே, எங்கள் தொழிலில் அந்தப் 'பிறகு' வருவதே இல்லை.)

3

வெள்ளிக்கிழமை காலை தரவுத்தளம் நின்றுபோயிருந்தது. பழுது என்று ஒரு எச்சரிக்கையும் வராமல், திரையில் ஒரு பெயரும் இல்லை. ஓட்டுநர் டுவேன் வந்து கேட்டார்.

"என்னம்மா, வேய்னைக் காணோம்? வெள்ளிக்கிழமைக்கு அவர் ஒருத்தர்தானே. ஒரு நாள் தவறமாட்டாரே மனுஷன்."

"லிஸ்ட்ல இல்லன்னா கேன்சல் பண்ணியிருப்பாரு. வீட்டுக்குப் போய்க் காலை நீட்டுங்க, டுவேன்."

"அப்போ எனக்கு யோகம்தான்!"

கிளினிக்குக்கும் அப்படியே சொல்லிவிட்டுப் போனார். வேய்ன் கங்காஸ் தனியாக இருந்தவர், போன் செய்து யாரையும் தொந்தரவு பண்ணாதவர். ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனார். (அவரை ஜன்னலோரம் வேனுக்காகக் காத்திருக்க வைத்து ஒரு பத்தி எழுதினேன். தாங்க முடியாமல் அடித்துவிட்டேன்.)

4

முடிவு ஒன்று: நடந்தது தன் வரியால்தான் என்று கண்டுபிடித்த ஜனெல் அதைத் திருத்திவிட்டு வாயே திறப்பதில்லை.

முடிவு இரண்டு: வேலையை விட்டுவிட்டு எங்கோ ஒரு—

எதுவும் நிற்கவில்லை. ஏனென்றால் செவ்வாய்க்கிழமை வேய்னின் மகள் லோர்னா போன் செய்துவிட்டாள்.

"கம்ப்யூட்டர் பாக்கறது நீங்கதானே? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அப்பாவே வண்டி வேண்டாம்னுட்டாராமே? வாழ்ந்தது போதும்னு நெனச்சுட்டாரா? போன வாரம் அவர்கிட்ட நான் கத்திட்டேங்க... அதனாலயா?"

உண்மையைச் சொன்னால் ஜனெலின் வேலை போகும், வழக்கு வரும். சொல்லாவிட்டால் அப்பாவைக் கொன்றது தான்தான் என்று லோர்னா சாகும்வரை நம்புவாள்.

நான் எழுதினால் ஜனெலைப் பேச வைத்துவிடுவேன், எனக்கு நல்ல பெயர் கிடைக்கும் என்பதற்காகவே. எனக்கு அந்தத் தகுதி இல்லை. ரிசீவரை உங்களிடம் கொடுக்கிறேன்.

"ஹலோ? இருக்கீங்களா?"