இதுவும் ஊமை

மாமா எலக்ட்ரீஷியன், என் அக்கா புருஷன். கம்பியைத் தொடாமலே கரண்ட் இருக்கிறதா என்று கத்திச் சொல்லும் டெஸ்டர் ஒன்று அவரிடம் இருந்தது. காலையில் அட்டைப்பெட்டிக் கம்பெனிச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த பழைய கம்பியருகே அதைக் காட்டினார். சத்தமில்லை. 'செத்த லைன். தைரியமா சுரண்டு' என்று பெயிண்டருக்காகச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டு வந்துவிட்டார். பெயிண்டர் இரண்டு மணிக்கு இரும்புத் தகடோடு வருவார்.

அடுத்துப் போன வீட்டில், எரிகிற பல்பின் வயரிலும் டெஸ்டர் வாய் திறக்கவில்லையாம். குப்பையில் போட்டுவிட்டு, என்னைக் கடைக்கு வரச் சொன்னார்.

"அப்ப காலைல பாத்தது?" என்றேன்.

"காலைல நல்லாத்தான் இருந்துச்சு மாப்ளே. அப்புறந்தான் மண்டையப் போட்டுருச்சு."

கடைக்காரர் மூன்று வகை எடுத்து வைத்தார். ஒன்று லைட் மட்டும் எரியும். ஒன்று கத்தும். ஒன்று கத்தி, கைக்குள் அதிரவும் செய்யும்.

"வெயில்ல லைட் என்னத்த தெரியும்? அதிர்றதுக்கு இது என்ன செல்போனா? கத்துறதக் குடுங்க."

கடைக்காரர் அதை பிளக் பாயிண்டில் வைத்தார். கத்திய கத்தில் வாசலில் பைக்கில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

மாமா உதட்டைப் பிதுக்கினார். "பேட்டரி போட்டுக் காட்டுங்கண்ணே."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். வேறொரு பீஸ் வந்தது. அதுவும் கத்தியது.

"இதுவும் ஊமை," என்றார் மாமா.

ஒரு வருஷமாக அக்கா அவரிடம் தொண்டை கிழியக் கத்துவதை நாங்கள் தாம்பத்தியம் என்றே நினைத்திருந்தோம். அவர் எல்லார் வாயையும் உற்றுப் பார்த்துப் பேசுவதை, மரியாதை என்று.

அதிரும் வகையை எடுத்து அவர் கையில் திணித்து, பிளக் பாயிண்டருகே கொண்டுபோனேன். அதிர்ந்தது. மாமா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சத்தம் வருதாடா?"

"வருது மாமா."

"மத்த ரெண்டுலயும்?"

"வந்துச்சு."

கடைக் கடிகாரத்தில் இரண்டு அடித்து நாலு நிமிஷம். கம்பெனி இங்கிருந்து அரை மணி நேரம். மாமா பெயிண்டர் நம்பரைப் போட்டார். காதருகே கொண்டுபோகாமல் போனை என்னிடம் நீட்டினார்.

"நீயே பேசு மாப்ளே."

ரிங் போய்க்கொண்டே இருந்தது.