அடிக்கு ஒரு வயது

மீன் டப்பா ஆலையை மூடிய வருடம், ஏப்ரல் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சோல்பொ நகரத்து மேட்டுப் பூங்காவில் பே மன்சிக் தன் நண்பன் தொக்சுவின் தாடையில் ஒரு குத்து விட்டான். விட்டவனுக்கு ஒரு வயது குறைந்தது, வாங்கியவனுக்கு ஒரு வயது கூடியது. அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. ஒரு வயது என்பது இருட்டில் தெரிகிற சமாசாரம் இல்லை. அதுவும் அந்த வசந்தத்தில் எங்கள் ஊரின் மூன்று பூங்காக்களிலும் இரவு ஒன்பது மணிக்கு மேல் நிதானத்தில் இருந்தவை பைன் மரங்கள் மட்டும்தான். ஆலை போனதும் நானூறு ஆண்பிள்ளைகளுக்கு மாலையில் போக்கிடம் இல்லாமல் போயிற்று; வீட்டில் மனைவி முகத்தைப் பார்க்க வெட்கம். ஆகவே பச்சைப் பாட்டில் சோஜு சாராயமும் உலர்ந்த கணவாய் மீனும் வாங்கிக்கொண்டு பூங்காவுக்கு வந்தார்கள். மூன்றாவது பாட்டிலில் பாட்டு, நான்காவதில் அழுகை, ஐந்தாவதில் அடிதடி. மருத்துவமனையில் வேலை முடித்த நர்சுகள் பூங்காவைத் தவிர்த்து ஒரு கிலோமீட்டர் சுற்றி வீட்டுக்குப் போனார்கள். காலையில் பெருக்க வந்தவர்கள் கண்ணாடிச் சில்லைக் கூடை கூடையாக அள்ளினார்கள், கூடவே ஒற்றைச் செருப்பு, எப்போதாவது ஒரு பல்.

மற்ற ஊர்களில் எப்படியோ, எங்கள் ஊரில் எல்லாச் சண்டையும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும்: உனக்கு என்ன வயசு? ஒரு வயது மூத்தவனாக இருந்தால் போதும், இளையவன் இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்து ஊற்ற வேண்டும், மூத்தவன் எதிரில் குடிக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும், அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிட வேண்டும். மன்சிக் ஆலையில் கொதிகலன் பார்த்தவன். தொக்சு டப்பாவுக்கு மூடி போடும் இயந்திரம் ஓட்டியவன். இருபத்திரண்டு வருடங்களாக மன்சிக் அண்ணன், தொக்சு தம்பி. ஆனால் மன்சிக்கின் அடையாள அட்டையில் அவன் வயது நாற்பத்தெட்டு, தொக்சுவின் அட்டையில் ஐம்பது. குடிக்காதபோது தொக்சு இதைப் பெரிதுபடுத்துவதில்லை. ஐந்தாவது பாட்டிலில்தான் அவனுக்குக் கணக்கு ஞாபகம் வரும்.

“உனக்கு உண்மையிலே என்ன வயசு?”

“அம்பத்தொண்ணு. எத்தனை தடவைடா சொல்றது?”

“அட்டையில நாப்பத்தெட்டுன்னுல்ல போட்டிருக்கு.”

“எங்கப்பன் மூணு வருஷம் கழிச்சுத்தான் பதிஞ்சாரு. எனக்கு முன்னால ரெண்டு புள்ளைங்க தங்கலை. இதுவாவது தங்குதான்னு பாத்துட்டு எழுதலாம்னு விட்டுட்டாரு.”

“தங்கினதுதான் தப்பாப் போச்சு.”

அந்த வெள்ளிக்கிழமைக் குத்து இதற்காகத்தான் விழுந்தது.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் பூங்கா வாசலில் இருந்த காவல் சாவடியின் ஏட்டு பியொன். கணக்கு ஒத்துவராவிட்டால் சோறு இறங்காத ஆள். அடிதடிப் படிவத்தில் வயது எழுத ஒரு கட்டம் உண்டு. ஜூன் மாதத்தில் பழைய படிவங்களைப் புரட்டியபோது, அதில் அடிக்கடி வருகிற மன்சிக்குக்குப் போன வருடம் பிடுங்கிய கடைவாய்ப்பல் திரும்ப முளைத்திருப்பதும், தொக்சுவின் புருவம் வெளுத்திருப்பதும் அவருக்கு உறைத்தன. எண்ணிப் பார்த்தார். எட்டு அடி, எட்டு வயது. பிறகு ஒரு மாதம் மூன்று பூங்காக்களிலும் நோட்டும் கையுமாக உட்கார்ந்து விதிகளை எழுதினார். அறைக்கும் குத்துக்கும் ஒரே மதிப்பு. தள்ளுவதற்கு ஒன்றும் கிடையாது. முடியைப் பிடித்து இழுத்தால் ஆறு மாதம் என்று சிலர் சொன்னார்கள், நிரூபிக்கப்படவில்லை. பூங்காவின் விளிம்புக் கல்லைத் தாண்டினால் அடி வெறும் அடிதான். முக்கியமாக, கோபம் உண்மையாக இருக்க வேண்டும். விளையாட்டுக்கு அடித்தால் வலி மட்டும் மிஞ்சும்.

ஊர் சும்மா இருக்குமா? பக்கத்து ஊரிலிருந்து இருபத்திரண்டு பெண்கள் தலைமுடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு பேருந்தில் வந்து இறங்கினார்கள். இளமை வேண்டும், அடிக்கத் தயார். அடி வாங்க ஆள் வேண்டுமே? பட்டாளத்துக்கு ஆள் கூப்பிடும் கடிதம் வந்திருந்த இளவட்டங்கள் முன்வந்தார்கள். முப்பத்தாறு வயதை எட்டிவிட்டால் பட்டாளம் வேண்டாம் என்று சொல்லிவிடும். கோபத்துக்கு மட்டும்தான் பஞ்சம். அதற்கும் அவர்கள் வழி கண்டார்கள். இருபது வயதுப் பையன் ஒருவன் ஐம்பத்துநாலு வயது அம்மாள் எதிரில் காலை நீட்டி உட்கார்ந்து, “ஏய், கொஞ்சம் நகரு” என்றான். விழுந்த அறை துறைமுகம் வரை கேட்டது. அவன் ஒரே மாலையில் பதினாறு தடவை மரியாதை கெட்டுப் பேசி, முப்பத்தாறு வயதும் சிறு தொப்பையுமாக எழுந்து போனான். அந்த அம்மாள் ஊருக்குத் திரும்பியதும் தன் தங்கையையே அக்கா என்று கூப்பிட வேண்டியதாயிற்று. அறை வாங்கிச் சேர்த்த வயது செல்லாது என்று பட்டாள அலுவலகம் கடிதம் போட்டுவிட்டதால் பையன் தொப்பையோடு முகாமுக்குப் போனான். நகர அலுவலகம் பூங்கா வாசல்களில் பலகை வைத்தது: குடிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, அடித்தால் வயது மாற்றத்தைப் பதினான்கு நாளுக்குள் பதிய வேண்டும். மூன்றாவது உத்தரவை மட்டும் எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் மன்சிக் அடித்துக்கொண்டுதான் இருந்தான். அடிக்க அடிக்க வயது குறைந்தது, குறையக் குறைய அடித்தான். “இப்ப யாருப்பா அண்ணன், கண்ணாடியப் பாத்தியா?” என்று தொக்சு கேட்பான்; அது போதும், இன்னொன்று விழும். மூத்தவன் என்று நிரூபிக்க விட்ட ஒவ்வொரு குத்தும் அவனை இளையவனாக்கியது. இதைப் புரிந்துகொள்ளும் அறிவு குடிக்காதபோது அவனுக்கு இருந்தது, ஆனால் அவன் குடிக்காத நேரம் குறைவு. ஆகஸ்டு முடியும்போது பதினேழு அடி ஆகியிருந்தது. அட்டைக் கணக்கில் மன்சிக்குக்கு முப்பத்தொன்று, தொக்சுவுக்கு அறுபத்தேழு. அறுபத்தேழு வயதானவரை அவன் இவன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே கொஞ்ச நேரத்துக்குத் தொக்சு ‘அவர்’.

மன்சிக்கின் மனைவி கும்னான் பூங்கா வாசலில் ஆரஞ்சுத் தார்ப்பாய்க்குக் கீழே சூடான மீன் சூப் விற்றாள். அவளுக்கு நாற்பத்தேழு. சூப் குடிக்க வந்த வெளியூர்க்காரன் மன்சிக்கைக் காட்டி, “தம்பியா?” என்று கேட்டான். அன்றிரவு அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். மகள் யொன்ஜுவுக்கு இருபத்தாறு வயது, தபால் நிலையத்தில் வேலை. அக்டோபர் இரண்டாம் ஞாயிறு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் தேகு நகரத்திலிருந்து வரப்போகிறார்கள், கண்ணியமானவர்கள், பூங்காப் பக்கமே போகாதவர்கள். யொன்ஜு அப்பாவிடம் சண்டை போடவில்லை. “நீங்க என் கையைப் புடிச்சு நடந்து வந்தீங்கன்னா, இதுல மாப்பிள்ளை யாருன்னு கேப்பாங்கப்பா. நீங்க வர வேணாம். மாமா கூட்டிட்டு வரட்டும்” என்றாள். இந்த உலகத்தில் மன்சிக் செய்த ஒரே உருப்படியான காரியம் யொன்ஜுதான், அது அவனுக்கே தெரியும்.

கும்னான் ஒரு வழி சொன்னாள். கணவன் மேல் அவளுக்கு இருபத்தேழு வருடத்துக் கோபம் சேமிப்பில் இருந்தது; பதினேழு அறை என்பது ஒரு பொருட்டே இல்லை, அவளுக்கும் இளமை திரும்பும். பூங்காவுக்குள் கூட்டிப்போய்க் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. “இந்த மூஞ்சியப் பாத்துத்தானே கட்டிக்கிட்டேன். இதப் போயி எப்படி அடிக்கிறது?” என்று கையை இறக்கிவிட்டாள். அவன் மேல் கோபமுள்ளவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள், வரிசையில் நிற்கவும் தயாராக இருந்தார்கள். மன்சிக் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம், அந்த வாரம் தொக்சு பூங்கா மண்டபத்தின் நான்கு படிகளை ஏறுவதை அவன் பார்த்தான். கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி ஏறினார். மனைவி என்றோ அவரை விட்டுப் பூசான் நகரத்துக்குப் போய்விட்டாள், பிள்ளை கிடையாது, கும்னான் கொடுத்தனுப்பும் கஞ்சிதான் சாப்பாடு. இன்னும் இரண்டு மூன்று அடிதான் இந்த நெஞ்சு தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். “என் வயசை அவரு தலையில ஏத்தி வச்சிருக்கேன். வேற எவன் என்னை அடிச்சாலும் அந்தச் சுமை அங்கேயேதான் இருக்கும். அவரு கையாலதான் இறங்கணும்” என்று மன்சிக் கும்னானிடம் சொன்னான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை மண்டபத்தில் தொக்சு சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். மன்சிக் எதிரில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் ஊற்றிக் கொடுத்தான். வெயில் இன்னும் முழுக்க இறங்கவில்லை. ஏட்டு பியொன் நோட்டோடு வந்தார். தடுக்கவில்லை, எண்ணுவதற்காக வந்திருந்தார்.

“அடிங்கண்ணே. விடிஞ்சா கல்யாணம்.”

“கோவம் வரலையேப்பா. வயசானா எல்லாம் அடங்கிடுது. அதுவுமில்லாம, அண்ணனா இருக்கிறது நல்லாத்தான் இருக்கு.”

மன்சிக் திட்டிப் பார்த்தான். தொக்சுவின் சமையலைத் திட்டினான், நடையைத் திட்டினான், பூசானுக்குப் போனவளை இழுத்துப் பார்த்தான். கடைசியில் தொக்சுவின் உயிரான மூடி இயந்திரத்தின் மேல் கை வைத்தான்: “நீ மூடி போட்ட டப்பா பூராவும் ஊதிப் போச்சு.”

“ஆமாப்பா, ரெண்டு மூணு ஊதித்தான் போச்சு” என்று தொக்சு சிரித்தார்.

மன்சிக்கிடம் இனி ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதை அவன் இருபத்திரண்டு வருடங்களாக யாரிடமும் சொன்னதில்லை, கும்னானிடம்கூட. குனிந்தபடியே சொன்னான்.

“அண்ணே, என் பழைய அட்டையில இருந்த வயசு சரிதான்.”

“எது?”

“எங்கப்பன் நான் பொறந்த வாரமே பதிஞ்சாரு. எனக்கு முன்னால எந்தப் புள்ளையும் சாகலை. ஆலையில சேந்த அன்னைக்கு நீங்க இருபத்தெட்டுன்னு சொன்னீங்க. எனக்கு இருபத்தாறு. இருபத்தொம்பதுன்னு வாயில வந்திடுச்சு.”

தொக்சு கிண்ணத்தைக் கீழே வைத்தார். “அந்தச் செத்த புள்ளைங்கள நெனச்சு நான் ஒரு தடவை அழுதிருக்கேன்” என்றார்.

“தெரியும். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?”

முதல் அடி கொசு உட்கார்ந்ததுபோல் இருந்தது. அறுபத்தேழு வயதுக் கை அல்லவா. ஆனால் ஏட்டு பியொன் “ஒண்ணு” என்றார். அது ஆலைச் சுற்றுலாவில் விட்டுக்கொடுத்த ஜன்னல் சீட்டுக்கு. இரண்டாவது, ஒவ்வொரு விருந்திலும் அண்ணனுக்கென்று எடுத்து வைத்த மீன் தலைக்கு. மூன்றாவது, புத்தாண்டு தோறும் தரையில் விழுந்து வணங்கியதற்கு. அதையே வருடக் கணக்கில் பிரித்து இன்னும் ஆறு விழுந்தன. அடிக்க அடிக்கத் தொக்சுவுக்கு வயது இறங்கியதால் கை வலுத்துக்கொண்டே போனது. பத்தாவது அடியில் சால்வை கழன்றது, பன்னிரண்டில் புருவம் கறுத்தது. மன்சிக்குக்கு முன்மண்டையில் வழுக்கை ஏறியது, தொப்பை வந்தது, முளைத்த கடைவாய்ப்பல் திரும்ப விழுந்தது. மற்ற மண்டபங்களிலும் பெஞ்சுகளிலும் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கூடிவிட்டார்கள். மொத்தப் பூங்காவும் ஏட்டோடு சேர்ந்து சத்தமாக எண்ணியது. வேலை முடிந்து போன நர்சுகள் சுற்றுப்பாதையை மறந்து உள்ளே வந்து நின்றார்கள். பதினேழு என்றதும் எல்லோரும் கை தட்டினார்கள், கும்னான் ஓடிவந்து போதும் போதும் என்றாள். கணக்கு நேராகிவிட்டது: பழைய அட்டையில் இருந்தபடி நாற்பத்தெட்டு, ஐம்பது. ஆனால் தொக்சுவின் கோபம் கணக்குப் பார்க்கிற கோபம் இல்லை.

“இது அந்த மூத்த புள்ளைக்கு” என்று ஒன்று விட்டான். “இது அடுத்ததுக்கு” என்று இன்னொன்று விட்டான். இரண்டாவதில் மன்சிக் படிகளில் உருண்டு புதருக்குள் போய் விழுந்தான்.

ஏட்டு பியொன் நோட்டில் கூட்டிக் கழித்தார். “பத்தொம்பது. மன்சிக் அம்பது, தொக்சு நாப்பத்தெட்டு” என்று படித்தார்.

தொக்சு விரல் விட்டு எண்ணிப் பார்த்தான், திரும்பவும் எண்ணிப் பார்த்தான். புதருக்குள்ளிருந்து முதலில் மன்சிக்கின் சிரிப்புதான் வெளியே வந்தது, பிறகுதான் மன்சிக். தொக்சு அவனை நெடுநேரம் முறைத்தான். பிறகு பாட்டிலை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, கிண்ணத்தில் ஊற்றினான்.

“புடிங்கண்ணே” என்றான்.

மறுநாள் மன்சிக் கறுத்து வீங்கிய கண்ணும் இல்லாத பல்லுமாக யொன்ஜுவின் கையைப் பிடித்து நடந்தான். பார்த்தவுடனேயே பெண்ணின் அப்பா என்று தெரிந்தது. தேகுக்காரர்கள் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. யொன்ஜு பாதி வழியில் அழுதாள், அவனும் அழுதான். திங்கட்கிழமை இரண்டு பேரும் நகர அலுவலகத்துக்குப் போய் அட்டைகளில் வயதை மாற்றிக்கொண்டார்கள். குமாஸ்தா முத்திரை குத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நர்சுகள் இப்போது பூங்கா வழியாகவே போகிறார்கள். அங்கே இப்போதும் குடிக்கிறார்கள், இப்போதும் வயதைக் கேட்டுச் சண்டைக்குக் கிளம்புகிறார்கள், கை ஓங்கிய பிறகு கொஞ்சம் யோசிக்கிறார்கள். கல்யாண விருந்தில் எடுத்த படம் கும்னானின் தார்ப்பாய்க் கடையில் மாட்டியிருக்கிறது. அதில் எல்லோர் முகமும் தெளிவாக விழுந்திருக்கிறது, தொக்சுவின் முகம் மட்டும் தெரியாது. அண்ணன் எதிரில் கிண்ணத்தை எடுத்ததால் அந்தப் பக்கம் திரும்பிக் குடித்துக்கொண்டிருக்கிறான்.