காணிக்கைக் கோழி

ஞாயிற்றுக்கிழமை இருட்டுவதற்குள் கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பி, சந்திரகலா ஆன்ட்டியின் கையில் நாலாயிரம் ரூபாய் அட்வான்ஸை வைக்காவிட்டால், ஹாஸ்டலில் ஷைனியின் கட்டில் வேறொருத்திக்குப் போய்விடும். கட்டில் போனால் வேலையும் போன மாதிரிதான். சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ் விடிவதற்கு முன்னால் பஜார் முனையில் வந்து நிற்கும். திருப்பாச்சூருக்கு அப்பால் இருக்கிற அவள் ஊரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தாலும், திருவள்ளூர் போய், பெரியபாளையம் போய், கும்மிடிப்பூண்டி சேர்வதற்குள் முதல் ஷிஃப்டில் பாதி ஓடிப் போயிருக்கும். அடிக்கடி லேட்டாக வரும் ட்ரெய்னியை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்?

“மொத சம்பளம் வரட்டும், அப்புறம் குடு”என்று ஆன்ட்டி இதுவரை பொறுத்திருந்தாள். சம்பளம் வந்துவிட்டது. வந்ததிலிருந்துதான் ஷைனிக்குக் குழப்பமும் வந்தது.

இன்ஜினியரிங் முடித்தவள். எந்த வயர் எங்கே போக வேண்டும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஆனால் எந்த ரூபாய் எங்கே போக வேண்டும் என்பது விளங்கவில்லை. போனில் ஒரு வீடியோ பார்த்தாள். சம்பளத்தில் பாதி தேவைக்கு, மீதியில் கொஞ்சம் ஆசைக்கு, கொஞ்சம் சேமிப்புக்கு என்று கோட் போட்ட ஒருவர் அழகாகச் சொன்னார். அவருக்குப் படிப்புக் கடன் இல்லை போலிருக்கிறது. அப்பா ஆதிகேசவன் வாங்கிய கைமாற்றும் இல்லை. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்காகச் சபைக்குக் கொடுக்க வேண்டிய தசமபாகமும் இல்லை. ஷைனி கவர்கள் வாங்கி ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி, ஏ.டி.எம்.மில் எடுத்த பணத்தைப் பிரித்துப் போட்டாள். ‘எனக்கு’ என்று எழுதிய கவர் தட்டையாகவே இருந்தது. மனசு கேட்காமல் அதில் ஒரு ஐம்பது ரூபாய் வைத்தாள். பிறகு பஸ்ஸுக்கு வேண்டும் என்று அதையும் எடுத்துவிட்டாள். ‘ஹாஸ்டல்’ கவரை மட்டும் கைப்பையின் உள்ளறையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊர்த் திருச்சபையில் அறுப்பின் பண்டிகை. அம்மா ரோசம்மாள் போனில் ஒரே பிடியாக நின்றுவிட்டாள். “வேல கெடச்சதும் வர்ற மொத பண்டிகடீ. நீ வரலன்னா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. காலைல ஆராதன, மத்தியானம் ஏலம், சாயங்காலம் நீ பாட்டுக்குப் போயிக்கினே இரு.” ஷைனி சனிக்கிழமையே ஊருக்கு வந்துவிட்டாள்.

பெயர்தான் அறுப்பின் பண்டிகை. அறுப்பதற்கு அந்தச் சபையில் யாருக்கும் நிலம் கிடையாது. பாட்டன் காலத்தில் பிறர் வயலில் அறுத்துக் கூலியாய் வாங்கிய நெல்லில் ஒரு மரக்கால் கொண்டு வருவார்களாம். இப்போது பாதிப் பேர் காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், மீதிப் பேர் வள்ளூர் அனல் மின் நிலையத்தில் கான்டிராக்டில். அதனால் காணிக்கை மேசையில் சந்தையில் வாங்கிய பூசணிக்காய் இருந்தது, வாழைத்தார் இருந்தது, எவனோ ஒருவன் கம்பெனியில் தீபாவளிக்குக் கொடுத்த குக்கர் பெட்டி பிரிக்காமல் இருந்தது. ஓரத்தில் கூடைக்கு அடியில் ஒரு சிவப்புப் பெட்டைக்கோழி. அதைப் பார்த்ததும் ஷைனி திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

“அது நம்ம கோழிதானே?”

“நம்ம கோழிதான். ஆண்டவருக்குக் குடுத்துட்டேன்.”

நேற்று மாலை ஷைனி துவைத்துப் போட்ட சுடிதார் மேல் ஏறி நின்றதே, அதே கோழி.

காணிக்கையாக வந்ததை ஏலம் விட்டு, பணத்தைச் சபைக்குச் சேர்ப்பது வழக்கம். ஏலம் விட்டவர் சாம்சன் அண்ணன். வாரத்தில் ஆறு நாள் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். ஏழாம் நாள் மைக் கையில் கிடைத்தால் விடமாட்டார். குக்கர் போயிற்று, வாழைத்தார் போயிற்று. கோழியைத் தூக்கிக் காட்டினார்.

“ரோசம்மாக்கா ஊட்டு நாட்டுக்கோழி! அரிசி தின்னு வளந்த கோழி இல்ல, ஜெபம் கேட்டு வளந்த கோழி! முந்நூறுல ஆரம்பிக்கிறேன். இந்த வருசம் புதுசா வேலைக்குப் போனவங்க யாராச்சும் கீறீங்களா? கும்மிடிப்பூண்டி மேடம் வாயத் தொறக்கவே மாட்டேன்றாங்களே!”

எல்லோரும் திரும்பினார்கள். ரோசம்மாள் மகளின் விலாவில் முழங்கையால் இடித்தாள். “ஒரு தபா கையத் தூக்குடீ. நம்ம கோழி வேற ஊட்டுக்குப் போவக் கூடாது.”

“நீதானே குடுத்த?”

“குடுக்கிறது வேற, போறது வேற. தூக்கு.”

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துக்கொண்டே ஷைனி கையைத் தூக்கினாள். ஐந்நூறு. பின்வரிசையிலிருந்து சின்னராசு மாமா, “எழுநூறு”என்றார். வள்ளூரில் கிரேன் ஓட்டுகிறவர். ஷைனிக்குப் போன உயிர் வந்தது. சின்னவயதிலிருந்து பார்க்கிறாளே, சின்னராசு மாமா வாயைத் திறந்தால் கடைசி வரைக்கும் விடமாட்டார். தான் மரியாதைக்கு நாலு தடவை கையைத் தூக்கினால் போதும். அம்மாவுக்கும் பெருமை, கோழியும் மாமாவுக்கு, காசும் பத்திரம். இந்தக் கணக்கு மட்டும் அவளுக்குச் சுலபமாகப் புரிந்தது.

“ஆயிரம்”என்றாள்.

“ஆயிரத்து ஐந்நூறு”என்றார் மாமா.

“அடி சக்கை! மேடம், உங்க கம்பெனி மானமே இதுல கீது!”

இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம் என்று விலை ஏறியது. பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறி நின்றார்கள். மாமா மூவாயிரத்து ஐந்நூறு என்றார். இன்னும் ஒரே ஒரு தடவை, அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஷைனி, “மூவாயிரத்து எண்ணூறு”என்றாள்.

சின்னராசு மாமா எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார். “புள்ள மொத மொதல்ல கேக்குது. அதோட ஆசீர்வாதத்தை நான் ஏன் புடுங்கணும்?”என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

“ஒருதரம்... ரெண்டுதரம்...”

ஷைனி மாமாவையே பார்த்தாள். அவர் பல்லைக் காட்டிச் சிரித்தார்.

“மூணுதரம்!”

கைதட்டல். கோழி மடிக்கு வந்தது. ஷைனிக்கு ஒன்றும் ஓடவில்லை. தங்கள் கோழியைத் தாங்களே கொடுத்து, தாங்களே வாங்கியிருக்கிறோம். இதில் யாருக்கு வரவு, யாருக்குச் செலவு? ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது: கேட்டவள் கட்ட வேண்டும். தேவனுடைய வீட்டில் கடன் வைக்கக் கூடாது. பொருளாளர் ஜெரால்ட் சார் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். யோசித்தால் தைரியம் போய்விடும் என்று நேரே போய், ஜிப்பைத் திறந்து, கவரை அப்படியே அவர்முன் வைத்தாள்.

ஜெரால்ட் சார் கவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். “இப்பவேவாம்மா?”

“ஆமா சார். நாலாயிரம் இருக்கு.”

அவர் மீதி கொடுக்கச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருக்கும்போதே சாம்சன் பார்த்துவிட்டார். மைக் அலறியது. “சபையாரே! ஏலம் எடுத்த கையோட துட்டைக் கட்டின மொத ஆளு! மீதி எரநூறும் காணிக்கைதான், இல்லியாம்மா?”

மறுபடி கைதட்டல். ஷைனி தலையை ஆட்டிவிட்டுக் கோழியோடு நகர்ந்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில் சின்னராசு மாமா வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். “இன்னாம்மா இப்டி பண்ணிட்ட! ஏலத் துட்டை யாராச்சும் அன்னிக்கே கட்டுவாங்களா? பேரு எழுதிக்கோன்னு சொல்லிட்டு வர்றதுதானே! நான் போன வருசத்துப் பூசணிக்காயவே இன்னும் மாசாமாசம் கட்டிக்கினு கீறேன். பூசணிக்கா அன்னிக்கே சாம்பார்ல போயிட்ச்சு.”

“எனக்கு யாரும் சொல்லலையே மாமா.”

“இதை வேற சொல்லணுமா? ஊருக்கே தெரியுமே!”

ஊருக்கே தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று? சின்னவயதில் அவள் பார்த்ததெல்லாம் ஏலத்தை மட்டும்தான். ஏலம் முடிந்ததும் சாப்பாட்டுப் பந்திக்கு ஓடிவிடுவாள். கட்டுகிற கதையை எங்கே பார்த்தாள்?

வீட்டுக்கு வந்ததும் ரோசம்மாள் விஷயத்தைக் கேட்டுத் திடுக்கிட்டாள். “ஹாஸ்டல் துட்டாடீ அது? ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?”

“நீதானே கையத் தூக்கச் சொன்ன!”

“கையத்தானே தூக்கச் சொன்னேன், கவரையா தூக்கிக் குடுக்கச் சொன்னேன்? போயி திருப்பிக் கேக்கவா முடியும்? உங்கப்பாவுக்கும் இன்னும் சம்பளம் போடல. இன்னிக்கும் ஓ.டி.ன்னு போயிட்டாரு.” கொஞ்ச நேரம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கோழியைப் பிடித்துக் காலைக் கட்டினாள்.

“இதை இன்னாத்துக்குக் கட்ற?”

“எடுத்துக்கினு போ. காணிக்க குடுத்த கோழி மறுநாளே ரோசம்மா ஊட்டு வாசல்ல மேயுதுன்னு பேச்சு வராதா? சபைக்கே தெரியும் இதோட மூஞ்சி.”

“வேற ஊட்டுக்குப் போவக் கூடாதுன்னுதானே வாங்கச் சொன்ன?”

“ஹாஸ்டல் வேற ஊடா? நீ இருக்கிற ஊடுதானே”என்றாள் ரோசம்மாள்.

கட்டைப்பைக்குள் கோழி, தலை மட்டும் வெளியே. பெரியபாளையத்தில் ஏறிய டவுன் பஸ்ஸில் கண்டக்டர் மகளிர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பையைப் பார்த்தார்.

“உனக்கு ஃப்ரீ. கோழிக்கு லக்கேஜ் போடணும்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கீரைக்காரம்மா விடவில்லை. “அதுவும் பொம்பளதான் நைனா! ஃப்ரீயா வுடு!”

பஸ்ஸே சிரித்தது. ஷைனி சிரிக்கவில்லை, லக்கேஜுக்குக் காசைக் கொடுத்தாள். ஜன்னல் வழியே நெல் வயல்கள் போய்க் கம்பெனிச் சுவர்கள் வரத் தொடங்கியிருந்தன. ஆன்ட்டியிடம் என்ன சொல்வது? ஏ.டி.எம். வேலை செய்யவில்லை என்று சொல்லலாம். அவளே கூட வந்து பார்க்கக் கூடியவள். பர்ஸ் தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். இந்தக் கோழி எங்கிருந்து வந்தது என்று கேட்பாளே. பொய் ஒவ்வொன்றுக்கும் நடுவில் கோழி தலையை நீட்டிக்கொண்டு நின்றது.

ஹாஸ்டல் கேட்டில் ஒரு பெரிய பெட்டியோடு ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் காத்திருந்தார்கள். சந்திரகலா ஆன்ட்டி கையை நீட்டினாள். “வந்துட்டியா? எடு. இவங்க ஒரு மணி நேரமா நிக்கிறாங்க, உன்னாலதான்.”

ஷைனி வாயைத் திறந்தாள். யோசித்து வைத்ததில் ஒன்றும் வரவில்லை.

“என் பேரு எழுதிக்கோங்க ஆன்ட்டி.”

“உன் பேருதான் எனக்குத் தெரியுமே. துட்டு எங்க?”

எல்லாம் கொட்டியது: பண்டிகை, கோழி, மாமா, மைக், பூசணிக்காய். கேட்கக் கேட்க ஆன்ட்டியின் முகம் கடுகடுவென்றாயிற்று. பிறகு பையை இழுத்துக் கோழியை உற்றுப் பார்த்தாள்.

“இதுவா? இது நாலாயிரமா?”

“மூவாயிரத்து எண்ணூறு ஆன்ட்டி. எரநூறு காணிக்க.”

ஆன்ட்டி படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று ஷைனி பயந்தாள். தோள் குலுங்கியது சிரிப்பில். “எங்க ஊட்டுக்காரரு கங்கையம்மன் கோயில்ல கூழ் ஊத்தன அன்னிக்கி ஏலத்துல ஒரு எலுமிச்சம்பழம் எடுத்தாரு. ஒரே ஒரு பழம். ஒம்போதாயிரம்! போட்டிக்குக் கேட்டவன் கடைசில கையக் கூப்பிக்கினு உக்காந்துட்டான். இன்னிக்கும் சாமி மாடத்துல காஞ்சி சுண்டி கீது. தூக்கியும் போட முடியல, புழியவும் முடியல. உன்னுது எவ்ளோ தேவல, உசுரோட கீது.”

பெட்டியோடு நின்ற அப்பா தொண்டையைக் கனைத்தார். ஆன்ட்டி எழுந்தாள். சிரிப்பு போயே போய்விட்டது. “சார், மாடில ஒரு கட்டில் கீது, ஃபேன் கொஞ்சம் சத்தம் போடும், வாங்க காட்றேன்.” பிறகு ஷைனியிடம் திரும்பினாள். “கையில எவ்ளோ வச்சிக்கினு கீற?”

ஷைனி ‘சாப்பாடு’ என்று எழுதிய கவரிலிருந்து ஆயிரத்தை எடுத்துக் கொடுத்தாள்.

“மீதி மூணு மாசத்துல. அதுவரைக்கும் கோழி என்கிட்ட. அடமானம்னு வச்சுக்கோ. ஒரு மாசம் தவறிச்சி, பிரியாணிதான்.”

ஆன்ட்டி கோழியைக் கொல்லையில் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் கட்டினாள். கட்டில் தங்கிவிட்டது. ஷைனி படுத்துக்கொண்டு நடந்ததை மறுபடி பிரித்துப் பார்த்தாள். அட்வான்ஸ் சபைக்குப் போயிற்று, சாப்பாடு அட்வான்ஸுக்குப் போயிற்று. சாப்பாட்டுக்கு இனி எந்தக் கவர் போகும்? தப்புப் பண்ணினோமா, நல்லது பண்ணினோமா என்பதும் தெரியவில்லை. கோட் போட்டவரிடம் கேட்டால் இதை ஆசையில் சேர்ப்பாரா, தேவையில் சேர்ப்பாரா?

விடிவதற்கு முன் வேலைக்குக் கிளம்பி, டிபன் பையோடு கோழியை எட்டிப் பார்க்கக் கொல்லைப்பக்கம் போனவள் நின்றாள். மோட்டார் ரூம் ஓரத்தில் கிடந்த சாக்கின் மேல் கோழி உட்கார்ந்திருந்தது. அதற்கு அருகில் ஒரு முட்டை. தொட்டாள், சூடாக இருந்தது.

இது யாருடைய முட்டை? கோழி அவளுடையது, அவள் காசு போட்டு வாங்கியது. ஆனால் அடமானத்தில் இருக்கிறது. அடமானம் வைத்த பொருளின் முட்டை வட்டியில் சேருமா, அசலில் கழியுமா? காணிக்கைக் கோழி என்பதால் இதிலும் பத்தில் ஒரு பங்கு சபைக்குப் போக வேண்டுமோ? முட்டையில் பத்தில் ஒரு பங்கை எப்படிப் பிரிப்பது?

பஜார் முனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஷைனி முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஆன்ட்டியின் சமையலறை ஜன்னலைப் பார்த்தாள், தன் டிபன் பையைப் பார்த்தாள். இரண்டாம் ஹாரனும் அடித்தது. அவள் முட்டையைத் துப்பட்டா முனையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, உடைந்துவிடாமல், பஸ்ஸை நோக்கி ஓடினாள்.