பதினாலாம் நம்பர் முள்

வியாபாரம் படுத்துவிட்டால் கடைக்காரர்கள் ஈ ஓட்டுவார்கள். அவளுக்கோ ஈ கட்டுவதே வியாபாரம். தூண்டில் முள்ளைச் சின்ன இடுக்கியில் மாட்டி, கோழி இறகையும் முயல் மயிரையும் பட்டு நூலால் சுற்றி, நிஜப் பூச்சி என்று நம்பி மீன் வாயைத் திறக்கும்படி பொய் ஈ செய்வாள். தெருவில் எல்லோருக்கும் அவள் ஈக்காரம்மா. வீட்டு முன்னறையில் ஒரே மேசை. ஒரு பாதியில் அவளுடைய இடுக்கி, மறு பாதியில் அண்ணியின் தையல் மிஷின்.

ஊர்த் தூண்டில் சங்கத்தில் இருபத்திரண்டு உறுப்பினர்கள். ஆண்டுக்கொரு முறை ஏரியில் போட்டி. ஈயின் முள் பதினாலாம் நம்பராக இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஆண்டு முள் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்ததால், கிடைத்த இடத்திலெல்லாம் வாங்கினாள். ஆறு கம்பெனி, ஆறு டப்பி. எல்லா டப்பியிலும் பதினாலு என்றுதான் போட்டிருந்தது. கட்டும்போதே சில முட்கள் விரலுக்குள் தொலைந்துபோனதும், சில இடுக்கியைவிட்டுத் துருத்திக்கொண்டு நின்றதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. அச்சடித்த நம்பரை நம்பாமல் வேறெதை நம்புவது என்று கட்டிக் கொடுத்துவிட்டாள்.

போட்டியன்று பல் டாக்டர் இரண்டு கிலோ மீன் பிடித்தார். பக்கத்தில் நின்ற பதிவாளருக்கு அரைக் கிலோதான். அவர் குனிந்து டாக்டருடைய மீனின் வாயைப் பார்த்தார். அதைத் தொழிலாகவே செய்கிற டாக்டர்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

"இது பதினாலா?"

"பதினாலுதான். ஈக்காரம்மா கொடுத்தது."

"எனக்கும் அவங்கதான் கொடுத்தாங்க. உங்க முள்ளு என் முள்ளுக்குப் பெரியப்பா மாதிரி இருக்கே."

மறுநாள் காலை ஈக்காரம்மாவைச் சங்கத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. இருபது வருஷமாகக் கட்டுகிறாள், ஒரு ஈகூடத் திரும்பி வந்ததில்லை. அண்ணியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஆறு டப்பிகளையும் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

சங்கத்து நீள மேசையில் வெள்ளைத் தாளை விரித்து, டப்பிக்கு ஒரு முள்ளாக எடுத்து வைத்தாள். குடும்பப் போட்டோவுக்கு உயரப்படி நிறுத்தினாற்போல் ஆறும் கிடந்தன.

செயலாளர் நில சர்வேயர். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"இதுல எதும்மா சரியான பதினாலு?"

"ஆறுமே பதினாலுதாங்க. டப்பியிலேயே போட்டிருக்கு."

சர்வேயர் ஒரு டப்பியிலிருந்த நம்பருக்குப் போன் செய்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள்: "நம்பர் ஏற ஏற முள்ளு சின்னதாகுங்க. எங்க பதினாலு, எங்க பன்னெண்டைவிடச் சின்னது, எங்க பதினாறைவிடப் பெருசு. அதுக்கு மேல எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"ரெடிமேட் சட்டையும் இப்படித்தான்" என்றாள் அண்ணி. "எல்லாத்துலயும் மீடியம்னுதான் போட்டிருக்கும். ஒண்ணு மூச்சை நிறுத்தும், இன்னொண்ணுல ரெண்டு பேர் குடியிருக்கலாம்."

சர்வேயருக்கு அது பிடிக்கவில்லை. வரப்புத் தகராறு எத்தனையோ தீர்த்தவர் அவர். அளவுகருவியால் ஆறு முட்களையும் அளந்து, கூட்டி, ஆறால் வகுத்தார். பதினொன்று புள்ளி மூன்று மில்லிமீட்டர். இனி சங்கத்தின் பதினாலு இதுதான் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். பிறகு கூடியிருந்த உறுப்பினர்கள் போட்டியில் போட்ட முட்களை ஒவ்வொன்றாக வாங்கி அளந்தார். ஒன்றுகூடப் பதினொன்று புள்ளி மூன்று இல்லை.

"அப்ப எல்லாருக்கும் தகுதி போச்சு" என்றார்.

புகாரை ஆரம்பித்த பதிவாளரின் முகத்தில் ஈயாடவில்லை.

பின்வரிசையில் தபால்காரர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். "என்கிட்ட முள்ளே இல்லீங்க. முதல் வீச்சிலயே மரத்துல மாட்டி அறுந்துபோச்சு. இன்னொண்ணு கேக்க வெட்கமா இருந்துச்சு."

"அப்ப சாயங்காலம் வரைக்கும் வெறும் நூலையா வீசினீங்க?"

"ஆமாங்க. நடுவுல ரெண்டு தடவை இழுத்த மாதிரிகூட இருந்துச்சு."

சர்வேயர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முள் பதினாலாக இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது, முள் இருக்க வேண்டும் என்று இல்லை. தபால்காரர் எந்த விதியையும் மீறவில்லை. கோப்பை அவருக்குத்தான்.

"மீனே பிடிக்காதவருக்கா?" என்றார் டாக்டர்.

"அதிக எடைக்குப் பரிசுன்னு போட்டிருக்கு. தகுதி உள்ளவங்கள்ல இவரோட பூஜ்யம்தான் அதிகம்."

தபால்காரர் கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். கண்கூடக் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த பிறகு யாருக்கும் பறிக்க மனம் வரவில்லை. இந்த வம்பே இனி வேண்டாமென்று, அடுத்த ஆண்டு முதல் முள் இல்லாத ஈதான் என்று அங்கேயே தீர்மானமும் போட்டார்கள்.

தன்மேல் பழி விழவில்லை என்ற நிம்மதி ஈக்காரம்மாவுக்கு வீடு வரும்வரைதான் இருந்தது. இடுக்கியின் முன் உட்கார்ந்ததும் திகைத்துப் போனாள்.

"முள்ளே இல்லாம எதுல அண்ணி கட்டறது?"

அண்ணி ஒரு தையல் ஊசியை நீட்டினாள். ஈக்காரம்மா அதில் கட்டி, பசை தடவி, காய்ந்ததும் மெல்ல உருவிப் பார்த்தாள். ஈ நின்றது. உள்ளே எலும்பே இல்லாதது போல் இருந்தாலும், இறகு நிமிர்ந்து அழகாகவே இருந்தது.

அடுத்த போட்டியில் அவள் எதிர்பாராதது நடந்தது. மீன்கள் வந்தன, கவ்வின, அப்படியே தின்றுவிட்டுப் போயின. நண்பகலுக்குள் கையிருப்பு தீர்ந்தது. மேசையையும் இடுக்கியையும் ஏரிக்கரைக்கே கொண்டுவந்து கட்டத் தொடங்கினாள். டாக்டரும் பதிவாளரும் வரிசையில் நின்றார்கள்.

"சீக்கிரம் குடும்மா, அங்க ஒண்ணு காத்துக்கிட்டு இருக்கு" என்று பதிவாளர் அவசரப்படுத்தினார்.

பொழுது சாய்வதற்குள் நூற்று நாற்பது ஈக்களை மீன்கள் தின்று தீர்த்தன. அதிக ஈக்களைப் பறிகொடுத்தவர் பதிவாளர்தான் என்று சர்வேயர் கோப்பையை அவரிடம் கொடுத்தார். தன் ஈயைத் தின்ற மீன் எவ்வளவு பெரிது என்று கையை அகல விரித்துக் காட்டிக்கொண்டே பதிவாளர் நடந்தார். ஈக்காரம்மா மரத்துப்போன விரல்களைச் சொடுக்கிக்கொண்டு, ஒன்றில் பசை காய்வதற்குள் மீன் போய்விடுகிறது, அடுத்த போட்டிக்கு இன்னும் நாலு ஊசி வேண்டும் என்றாள் அண்ணியிடம்.