வேண்டாத மரியாதை

கல்யாணமான நாளிலிருந்து அந்த எலக்ட்ரீஷியன் தன் மனைவியிடம் 'டி' போடாமல் பேசியதே இல்லை. வாடி, போடி, என்னடிதான். அவளும் சும்மா விட்டவள் இல்லை, ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பிக் கொடுப்பாள். பக்கவாதம் வந்து எழுந்த மனுஷன் இப்போது அவளிடம், "தண்ணி குடுங்க" என்கிறார்.

எல்லாம் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் செய்த வேலை. நல்ல பெண்தான், மரியாதை தெரிந்தவள். அதனால் எல்லா வாக்கியத்தையும் 'ங்க' வைத்தே சொல்லிக்கொடுத்துவிட்டாள். அது நாக்கில் ஒட்டிக்கொண்டது. "எங்க வீட்டுல இருக்கறது ஒரு நாளாவது இப்படிப் பேசாதா!" என்று பக்கத்து வீட்டுக்காரி பெருமூச்சு விட்டாள். இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். கழுத்து ரத்தக்குழாய் ஒடுங்கிவிட்டது. போதிய ரத்தம் போகாமல் மூளைக்குள் வெள்ளை நரம்பிழைகள் பழுதாகிவிட்டன.

"வயரிங்... போச்சுங்க" என்றார் இவர் மெதுவாக. தொழில் மட்டும் மறக்கவில்லை.

"ஸ்டென்ட் வெச்சுக் குழாயை விரிச்சுடலாம்மா. அது அடுத்த அட்டாக் வராம இருக்கத்தான். போனது திரும்பாது. பேச்சு இனிமே சுத்து வழியிலதான் வரணும், நேரமாகும். நீங்கதான் பொறுமையா காத்திருக்கணும்."

பொறுமையா, அவளுக்கா? அவர் வாய் திறப்பதற்குள் வாக்கியத்தை அவளே முடித்துவிடுவாளே! வீட்டில் பாடம் நடத்திப் பார்த்தாள். "'தண்ணி குடுடி', எங்க சொல்லுங்க?"

அவர் வெகுநேரம் யோசித்தார். "குடுடிங்க."

விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் அடுப்படிக்குப் போய் அழுதாள். ஒரே ஒரு 'டி'க்கு இப்படி ஏங்கித் தவிப்போம் என்று அவள் கனவில்கூட நினைத்ததில்லை.

ஸ்டென்ட் வைக்கும் நாளன்று ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவருகே அவர் அவள் கையைப் பிடித்தார்.

"போய்ட்டு வர்றேன்..."

'ங்க' வரவில்லை. அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. 'என்ன, போர்வை வேணுமா?' என்று கேட்கவந்த வாயை அவளே பொத்திக்கொண்டாள். இந்த ஒரு தடவையாவது காத்திருக்கலாம் என்று பார்த்தாள். ஆனால் நர்ஸுக்கு அவசரம். கதவு மூடிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அதே நர்ஸ் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னம்மா உங்க வீட்டுக்காரர்! ரொம்ப மரியாதையான மனுஷன்னு நெனச்சேன். உள்ள போனதும் என்னைப் பாத்து 'டி'ங்கறாரு. வேற ஒண்ணும் சொல்லல, வெறும் 'டி'!"

அவள் எழுந்து நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதம்மா. அது எனக்கு வந்தது."